மார்கழி பத்தில் வெட்டிய மல்லிகை

அந்த அம்மா நல்லவரா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். சொன்ன மறு நிமிஷமே, எதை வைத்துச் சொன்னோம் என்று யோசிப்பேன். என்னை அவர் படுத்திய பாடு கொஞ்சமில்லை. நான் அவருக்குச் செய்ததும் கொஞ்சமில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இரண்டில் எது கூட என்று எனக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என் கையெழுத்திலேயே ஒரு பட்டாவில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

அப்போது நான் தாலுகா ஆபீசில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கும் கூலியாட்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கிக் கொடுக்கச் சட்டம் வந்திருந்த நேரம். புது ஆட்சி, புதுச் சட்டம், டீக்கடை முழுக்க அதே பேச்சு. சட்டத்தில் ஒரே ஒரு கொக்கி இருந்தது. அரசாங்கம் குறித்த நாளில் அந்த ஆள் அந்த இடத்தில் குடியிருந்திருக்க வேண்டும். ஆகவே மிராசுதாரர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல, "இவன் நேத்து வந்தவன் சார்" என்றார்கள். யார் எப்போது வந்தார்கள் என்று ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதுவது என் வேலை. ஒரு சைக்கிள், ஒரு ரெக்சின் பை, பை நிறையப் படிவங்கள். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே வயல்களுக்கு நடுவிலிருந்த ஒரு ஊரில்தான் இந்த அம்மாவைப் பார்த்தேன்.

வாய்க்காலின் இக்கரையில் ஏழு குடிசைகள். நிலம் பண்ணையாருடையது. அக்கரை அரசாங்கப் புறம்போக்கு. பண்ணைக் காரியக்காரர் சொன்னது இதுதான்: இந்த ஏழு குடும்பமும் அக்கரையில் இருந்தவர்கள், சட்டம் வந்த சேதி கேட்டு ராத்திரியோடு ராத்திரியாக இக்கரைக்குத் தாவியவர்கள். அவர்கள் சொன்னது, அப்பன் காலத்திலிருந்து இங்கேதான். வாக்காளர் பட்டியலைப் புரட்டினேன். 'கீழத்தெரு' என்று மட்டும் இருந்தது. கீழத்தெரு வாய்க்காலுக்கு எந்தக் கரை என்பதுதானே சண்டையே. தை அறுப்பு முடிந்ததும் குடிசைகளைப் பிரித்துவிடப் போவதாகக் காரியக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குடிசைகளைப் பார்த்து வயது சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு கீற்று, வெள்ளத்துக்கு ஒரு சுவர். மரம் இருந்தால் மரத்தைக் கேட்கலாம். அந்தத் தெருவில் ஒரு முருங்கைகூட இல்லை.

"மரம் வச்சா பாத்தியதை வந்துடும்னு பண்ணைக்குப் பயம் சார்" என்றார் ஏழு வீட்டுக்காரர்களில் ஒருவர், விவசாயச் சங்கத்துக் கொடியை வீட்டில் ஏற்றியிருந்தவர். "எங்கப்பா தென்னம்புள்ள வச்சாரு. மறுநா காலையில ஆளை விட்டுப் புடுங்கிட்டாங்க. நிழல்னு ஒண்ணு இருக்கா பாருங்க எங்க தெருவுல."

நிழல் இல்லைதான். ஆனால் கடைசிக் குடிசையின் பின்பக்கம், சுவரை ஒட்டி, ஒரு மல்லிகைப் புதர் இருந்தது. இடுப்புயரம், கட்டில் அகலம்.

"இது?"

"அது பூச்செடிதானே சார். பொம்பளைங்க சமாச்சாரம்னு விட்டுட்டாங்க."

அந்தக் கடைசிக் குடிசைதான் அந்த அம்மாவுடையது. நெட்டை, ஒல்லி, நாற்பது நாற்பத்தைந்து வயசிருக்கும். கணவர் போய்ச் சேர்ந்து நாளாகியிருந்தது. ஒரே மகளைத் திருப்பனந்தாள் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டு ஒரு ஆட்டோடு தனியாக இருந்தார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், நம் சைக்கிளைப் பார்ப்பார். பிறந்தது வேதாரண்யத்துக்கு மேற்கே, மணல் பூமியில். அங்கே வீட்டுக்கு வீடு குண்டுமல்லி. கல்யாணமாகி வந்தபோது ஒரு பதியத்தை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாராம். நம் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் நின்றால் மல்லிகை அழுகிப்போகும். அதற்காக வருஷா வருஷம் வாய்க்கால் மணலையும் வண்டலையும் கூடையில் சுமந்து வந்து அடியில் கொட்டி மேடு கட்டுவார். நான் டவுன்காரன், மல்லிகையை முழக் கணக்கில்தான் தெரியும். அது இத்தனை பாடு கேட்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவரிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பார். மறுத்து ஒரு வார்த்தை வராது. செய்வதென்னவோ தன் கணக்குப்படிதான். அந்த ஐப்பசியில் கூலிக்காகச் சங்கம் வேலை நிறுத்தம் செய்தது. காரியக்காரர் வந்து, "நாளைக்கு நடவுக்கு வந்துடு புள்ள" என்றார். சரிங்க. அவர் போனதும் சங்கத்துக்காரர் வந்து, "யாரும் வயல்ல இறங்கக் கூடாதுக்கா" என்றார். அதற்கும் சரிங்க. மறுநாள் இரண்டு பக்கமும் இவரைத் தேடினால், அம்மா ஆட்டை இழுத்துக்கொண்டு ஒரத்தநாட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஆட்டுக்குச் சீக்கா என்று நான் பிறகு கேட்டேன். "இல்லீங்க, பாத்து வச்சிக்கிட்டா நல்லதுதானேங்க" என்றார். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அதுகூடப் பரவாயில்லை. பங்குனி பிறந்து முதல் மொட்டு எடுத்ததும், முதல் பூவைப் பந்தாகக் கட்டிப் பண்ணையார் வீட்டுக் கொல்லை வாசலில் கொண்டு போய்க் கொடுத்துவிடுவாராம். வருஷம் தவறாமல். பண்ணையார் மனைவிக்கு! அந்த வீட்டு ஆட்கள்தான் இவர் வீட்டுக்காரரைக் களத்தில் கட்டி வைத்து அடித்தவர்கள் என்று சங்கத்துக்காரர் சொன்னார். சொல்லும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. அதே கையால் இந்த அம்மா சங்கத்துக்காரர் கல்யாணத்துக்கு மாலையும் கட்டிக் கொடுத்தாராம், காசு வாங்காமல்.

"ஏம்மா அந்த வீட்டுக்குப் பூக் கொடுக்கிறீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"அவங்களுக்கு முடி நெறைய இருக்குதுங்க."

"நீங்க வைச்சுக்கலாமே?"

"எனக்கு மண்டையிடி வருங்க."

இதற்கு என்ன எழுதுவது படிவத்தில்? அவர் எந்தப் பக்கம் என்று தெரு முழுக்கச் சந்தேகம். எனக்கும் அந்தச் சந்தேகம் தொற்றிக்கொண்டது. ஆனால் அவர் குடிசைக்குப் போனால் கேட்காமலே நீர்மோர் வரும், சைக்கிள் சீட்டில் வெயில் படாமல் ஒரு ஈரச் சாக்கு விழும். மனுஷி மேல் பிரியம் வராமல் இருக்குமா?

எப்படியும் எனக்கு மல்லிகை கிடைத்துவிட்டது. அந்தத் தெருவில் வயது சொல்லக்கூடிய உயிர் அது ஒன்றுதான். ஏழு குடிசையும் ஒன்றாக வந்தவை என்பதை இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டார்கள், எப்போது என்பதில்தான் தகராறு. ஆகவே இந்த ஒரு வீடு பழசென்று ஆனால் ஏழும் பழசு. 'மனையில் பல ஆண்டு வளர்ந்த மல்லிகைப் புதர் உள்ளது, நேரில் பார்வையிடலாம்' என்று எழுதி மேலே அனுப்பினேன். பெரிய துப்பறிவாளன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மார்கழி ஐந்தாம் தேதி தாசில்தார் வருவதாகத் தகவல் வந்தது.

"அம்மா, ஆபீசர் வந்து பார்க்கிற வரைக்கும் இந்தச் செடியில கை வைக்காதீங்க. இதை நம்பித்தான் ஏழு வீடும் இருக்கு. புரியுதா?"

"சரிங்க."

மழை பிடித்துக்கொண்டது. ஜீப் வரப் பாதையில்லை. ஐந்து, பதினொன்றாகத் தள்ளிப் போனது. சேதியைத் தலையாரியிடம் சொல்லி அனுப்பினேன். அவர் திரும்பி வந்து, சொல்லிவிட்டேன், சரிங்க என்றது அந்தம்மா என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பதினொன்றாம் தேதி காலையில் ஜீப்பிலிருந்து இறங்கி, தாசில்தாரை முன்னால் விட்டு, பின்பக்கம் போனோம். புதர் இல்லை. புதிதாகக் கொத்திய ஈர மண் மேட்டில் பென்சில் கனத்தில் பத்துப் பன்னிரண்டு குச்சிகள் நின்றன. ஒரு இலை கிடையாது.

காரியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "நேத்து ஊனின குச்சி சார். மண்ணுகூடக் காயல. இதத்தான் பல வருஷத்துச் செடின்னு உங்க குமாஸ்தா எழுதியிருக்காரு."

தாசில்தார் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை.

"ஏம்மா வெட்டுனீங்க?" என்று கத்தினேன். ஆபீசர் எதிரில் கத்தக் கூடாது என்பதெல்லாம் மறந்து போயிற்று.

"நேத்து மார்கழி பத்துங்க. பத்துல வெட்டுனாத்தாங்க பங்குனி பொறக்கறப்ப மொட்டு எடுக்கும். நாளு தள்ளுனா இலைதான் வருங்க, பூ வராது."

"ஒரு நாள்மா! ஒரே ஒரு நாள்!"

அவர் என் சைக்கிள் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று நான் ஜீப்பில் வந்திருந்தேன்.

சங்கத்துக்காரர் நெஞ்சிலடித்துக்கொண்டார். "வித்துட்டியேக்கா! ஏழு வீட்டையும் வித்துட்டியே! அந்த வீட்டுக்குப் பூக் குடுத்தப்பவே தெரியும்டி எனக்கு!" அக்கா போய் டி வந்துவிட்டது. மற்ற வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தர் அழுதார்.

தாசில்தார் கையை உயர்த்தி அடக்கினார். "இங்க பாரும்மா. எத்தனை வருஷமா இங்க இருக்கே?"

"இருபத்திரண்டு வருஷங்க. கல்யாணமாகி வந்ததுலேருந்து இதே எடந்தாங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீங்க. சாட்சி இருக்கா?"

அவர் குச்சிகளைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று அந்தக் கூடைகள் ஞாபகம் வந்தன. வருஷா வருஷம் வண்டல் கொட்டினால் பழைய கட்டை மேலே எப்படித் தெரியும்? "சார், கட்டை மண்ணுக்குள்ள இருக்கு, தோண்டினா தெரியும்" என்றேன்.

"வேண்டாங்க" என்றார் அந்த அம்மா.

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது.

"வேரு அறுந்தா செத்துடுங்க. வேண்டாங்க."

"பாத்தீங்களா?" என்றார் காரியக்காரர். "தோண்டினா குட்டு வெளிய வந்துடும்னு பயப்படுது."

செடிக்குப் பார்த்தால் ஏழு குடும்பம் தெருவில் நிற்கும். இதுகூடவா தெரியாது ஒரு மனுஷிக்கு? அவர் வீட்டு மண்வெட்டியையே எடுத்து நானே வெட்டினேன். குமாஸ்தா கை, இரண்டாவது வெட்டிலேயே கொப்புளம். ஒரு சாண் ஆழத்தில் கட்டை வந்தது. கணுக்கால் கனம், மேலெல்லாம் பழைய வெட்டுக் காயங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக. தாசில்தார் குனிந்து பார்த்தார்.

"பழைய கட்டைதான்" என்றார்.

"வேற எங்கேருந்தோ பேத்துட்டு வந்து பொதைச்சிருப்பாங்க சார்" என்றார் காரியக்காரர். விடாக்கண்டர்.

ஆக இன்னும் தோண்ட வேண்டியதாயிற்று. பக்க வேர்களை அறுத்துக்கொண்டே போனேன். ஒவ்வொன்று அறும்போதும் ஒரு சத்தம் கேட்டது, கேட்காத மாதிரி வெட்டினேன். கடைசியில் சுவர்ப் பக்கம் போன பெரிய வேர் தட்டுப்பட்டது. அது அப்படியே மண்சுவருக்கு அடியில் நுழைந்து குடிசைக்குள் போயிருந்தது. சுவரின் அடி அதன் மேல் உட்கார்ந்து, அந்த இடத்தில் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. சுவரும் செடியும் ஒன்றாகவே இருந்தவை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? தாசில்தார் உள்ளே போய் அடுப்படி மண்ணைக் காலால் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து பேனாவைத் திறந்து எழுதினார். காரியக்காரர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அப்போது மழையுமில்லை, வெயிலுமில்லை.

சங்கத்துக்காரர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஆளாளுக்கு என் கையைப் பிடித்தார்கள். கொப்புளம் உடைந்த கையை நான் பெருமையாகக் காட்டினேன். அந்த அம்மா மட்டும் குந்தி உட்கார்ந்து, நான் வெளியே இழுத்துப் போட்ட மண்ணைக் கைகளால் அள்ளி அள்ளிக் குழிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

செடி பிழைக்கவில்லை. பங்குனியில் போய்ப் பார்த்தேன், குச்சிகள் சுள்ளியாகியிருந்தன. மனசு கேட்காமல் அடுத்த வாரம் தஞ்சாவூரிலிருந்து நல்ல குண்டுமல்லிப் பதியமாக ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். "இதை வைங்கம்மா" என்றேன். "சரிங்க" என்று வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த தடவை போனபோது அது சங்கத்துக்காரர் வீட்டு வாசலில் வேலி கட்டிக்கொண்டு நின்றது. இவர் வீட்டுப் பின்னால் அந்த இடம் மெழுகித் தரையாகியிருந்தது. என் மேல் கோபமா, அல்லது சங்கத்துக்காரர் மேல் அன்பா, அல்லது இரண்டுமில்லாமல் வேறு ஏதாவதா, எதுவும் பிடிபடவில்லை. மோர் மட்டும் வழக்கம்போல வந்தது. குடிக்கச் சங்கடமாக இருந்தது, குடித்தேன்.

அன்று ஏன் வெட்டினார் என்பதற்கு அந்த ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிறுக்கு என்றது பண்ணை. பண்ணையிடம் பயம் என்றார் சங்கத்துக்காரர், பட்டா உறுதியான பிறகு கொஞ்சம் இளகி. நாள் தவறாத மனுஷி, அவ்வளவுதான் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேனே தவிர நம்பவில்லை. ஒரு நாள் தள்ளினால் ஒரு பூவும் வராதா என்ன? பிறகு மல்லிகை பயிரிடுகிறவர்களைக் கேட்டேன். பத்து நாள் முன்னே பின்னே ஆனால் ஒன்றும் கெட்டுவிடாது என்றார்கள்.

சித்திரையில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பட்டா கொடுக்கும் விழா. கரை வேட்டிகள், மைக், மாலை, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும். நான் வராந்தாவில் மேஜை போட்டு, மை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வரிசையில் வந்தவர்களின் கட்டைவிரலைப் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் முறை வந்தது. பழக்க தோஷத்தில் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் இழுத்துக்கொண்டார்.

"பேனா குடுங்க."

கொடுத்தேன். எழுத்துக் கூட்டி, நிதானமாக, கோட்டுக்கு மேலே ஏறாமல் தன் பெயரை எழுதினார். யார் சொல்லிக் கொடுத்தார்கள், எப்போது கற்றார், எனக்குத் தெரியாது. ஆறு மாதமாக அவர் வீட்டுக்குப் போய்வந்தவன், அவருடைய படிவங்களில் எல்லாம் 'கைநாட்டு' என்று நானே எழுதி வைத்திருந்தேன்.

பட்டாவை வாங்கி இரண்டாக மடித்தார். நகரவில்லை.

"இனிமே இது என் எடந்தானேங்க?"

"ஆமாம்மா. யாரும் ஒன்னும் பண்ண முடியாது."

"அன்னைக்கு ஆபீசரு கேட்டாரு, எத்தினி வருஷமா இருக்கேன்னு. இருபத்திரண்டுன்னு சொன்னேன். பக்கத்துலதான் நின்னீங்க நீங்க."

"ஆமாம்."

"பொறவு எதுக்குங்க அத வெட்டுனீங்க?"

பின்னாலிருந்தவர்கள் நெருக்கத் தொடங்கினார்கள். மைக்கில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். "சாட்சி வேணும்ல அம்மா" என்றேன்.

"நான்தான் இருந்தேனேங்க" என்றார்.

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். எழுந்தேன், வரிசை நெருக்கியதும் உட்கார்ந்தேன். வரிசையில் அடுத்ததாக நின்ற அம்மாள் கையை நீட்டியிருந்தார். அந்தக் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினேன்.